வறுத்த பயறு முளைத்த கதை: இரும்புக்கை மாயாவியின் பதிப்பு வரலாறு

திருப்புட்குழியில் மரகதவல்லித் தாயாரை வேண்டி வரும் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை வரம் கேட்டு வருபவர்கள் வறுத்த பயற்றை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவு உறங்குவார்கள். விடியும்போது பயறு முளை விட்டிருந்தால் தாயார் அருள் கிடைத்தது என்று நம்பிக்கை. சட்டியில் வறுபட்ட விதை முளைக்காது என்று சொல்ல உழவர்கள் நிறைந்த எங்கள் ஊருக்கு யாரும் வர வேண்டியதில்லை. ஆனாலும் அந்த நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக நிற்கிறது.

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் நெடுஞ்சாலையில், பாலுசெட்டிச்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரின் பெயரிலேயே ஒரு காவியக் காட்சி அடங்கியிருக்கிறது. புள் என்றால் பறவை. இராவணனோடு பொருது சிறகை இழந்து வீழ்ந்த ஜடாயுவுக்கு இராமன் இறுதிக் கடன் செய்த குழி இது என்பது தலபுராணம். உறுப்பை இழந்தும் போரிட்ட ஒருவனின் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். பின்னாளில் வலக்கையை இழந்த இன்னொருவன் காஞ்சிபுரம் பேருந்து நிலையக் கடையில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எங்களுக்கு அவன் அந்நியனாகத் தெரியவில்லை. அவன் பெயர் இரும்புக்கை மாயாவி.

மாயாவி லண்டனில் பிறந்தவன். அங்கே அவன் கதை முடிந்து, அவனைத் தாங்கிய இதழும் நின்றுபோன பிறகும், சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகளில் வாழ்ந்தான். அவனுடைய தமிழ் வாழ்வை ஆங்கில மூலத்தின் பின்னிணைப்பாகவே பலரும் நினைக்கிறார்கள். அது தவறு என்பது என் முடிவு. ஒரு படக்கதை நாயகனின் பதிப்பு வரலாற்றில், அவன் எங்கே வரையப்பட்டான் என்பது எவ்வளவு முக்கியமோ, எங்கே யாரால் மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டு வாசிக்கப்பட்டான் என்பதும் அவ்வளவு முக்கியம். இந்த இரண்டாவது கணக்கில் மாயாவி பாதிக்கு மேல் தமிழன்.

லண்டன், 1962

லண்டனின் ஃப்ளீட்வே நிறுவனம் 'வேலியண்ட்' என்ற சிறுவர் வார இதழைத் தொடங்கியது. முதல் இதழில் இட்ட தேதி 6 அக்டோபர் 1962. 'தி ஸ்டீல் க்ளா' என்ற தொடர் அந்த முதல் இதழிலேயே தொடங்கியது. முதலில் எழுதியவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் கென் பல்மர். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. பின்னர் எழுத்துப் பொறுப்பு டாம் டல்லியிடம் போனது.

கதையின் கரு எளிமையானது. லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவன். பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி வெடிக்கிறது. உயர் அழுத்த மின்சாரம் அவன் உடலில் பாய்கிறது. உடல் மறைந்துபோகிறது. இரும்புக் கை மட்டும் காற்றில் மிதக்கிறது. அன்று முதல் மின்சாரம் பாயும்போதெல்லாம் அவன் மறைவான். மின்சக்தி தீர்ந்ததும் உருவம் திரும்பும்.

இந்தக் கதைக்கு ஒரு முன்னோர் உண்டு. ஹெச். ஜி. வெல்ஸ் 1897-இல் வெளியிட்ட 'தி இன்விசிபிள் மேன்' நாவலில் வரும் கிரிஃபினும் உருவம் மறைந்தவன்தான். கண்ணுக்குத் தெரியாத மனிதனைத் தட்டிக்கேட்க யாருமில்லை என்பதால் அவன் கெட்டுப்போகிறான். கிராண்டேலும் தொடக்கத்தில் அப்படியே கெட்டவன்தான். திருடினான், மிரட்டினான், உலகையே தன் காலடியில் விழவைக்க நினைத்தான். பிறகுதான் கதாசிரியர்கள் அவனை நல்வழிக்குத் திருப்பினார்கள். விபத்து அவன் மனத்தைக் குலைத்தது என்று காரணம் சொல்லப்பட்டது. அவன் நிழற்படை என்ற உளவு அமைப்பின் ஒற்றனானான். விரல்களில் துப்பாக்கியும் வானொலியும் பொருத்தப்பட்டன. அமெரிக்க நாயகர்களின் செல்வாக்கு ஓங்கிய 1960-களின் பிற்பகுதியில் சிறிது காலம் அவர்களைப் போலவே தனி உடையும் அணிந்தான்.

பிளாஸ்கோவின் கோடுகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மறைந்துபோன மனிதனை எப்படி வரைவது? அவர் ஆளை வரையவில்லை, ஆள் நின்ற இடத்தை வரைந்தார். திறக்கும் கதவு, சாயும் நாற்காலி, திடுக்கிட்டுத் திரும்பும் காவலன், நடுவே ஒரு கை. பழைய தெருக்களின் ஈரமும் விளக்கு நிழலும் கறுப்பு மையில் அப்படியே இறங்கின. வண்ணமில்லாமல் அச்சிட்டாலும் சிதையாத படங்கள் அவை. மலிவான தாளில் அச்சான தமிழ்ப் பதிப்புகள் நிலைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தனி வீடு இல்லாத நாயகன்

அமெரிக்க நாயகனுக்கும் பிரிட்டிஷ் நாயகனுக்கும் பதிப்பு முறையில் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. சூப்பர்மேன் 1938-இல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் தோன்றி, அடுத்த ஆண்டே தன் பெயரில் தனி இதழ் பெற்றான். பேட்மேனுக்கும் அப்படியே. இதழ் எண் வளர்ந்துகொண்டே போகும், நாயகனின் வரலாற்றை எண் பிடித்துப் படிக்கலாம்.

பிரிட்டனில் நாயகன் வாடகைக்குக் குடியிருந்தவன். ஒரு வார இதழுக்குள் பத்துப் பன்னிரண்டு தொடர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு, மூன்று பக்கங்கள். விற்பனை குறைந்த இதழை விற்பனை உள்ள இதழோடு இணைத்துவிடுவார்கள். அப்படித்தான் 1952-இல் தொடங்கிய 'லயன்' வார இதழ் 1974-இல் 'வேலியண்ட்'டோடு இணைந்தது. 'வேலியண்ட்' 1976-இல் 'பேட்டில்' இதழுக்குள் கரைந்தது. வீடு இடிந்தால் குடியிருந்தவனும் வெளியேற வேண்டியதுதான். கிராண்டேலின் புதிய கதைகள் 1970-களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டன. லண்டனில் அவனுக்குத் தன் பெயரில் ஓர் இதழ் நிலைத்ததே இல்லை.

எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் அந்த வார இதழ்களில் பொதுவாக அச்சாவதில்லை. 1977-இல் தொடங்கிய '2000 ஏடி' இதழ்தான் படைப்பாளிகளின் பெயரைப் பக்கத்திலேயே போடும் வழக்கத்தைப் பிரிட்டனில் நிலைநாட்டியது. அதனால் லண்டன் சிறுவனுக்கும் பல்மர் யார், பிளாஸ்கோ யார் என்று தெரியாது. கதையில் உடல் மறைந்து கை தெரிந்தது. அந்தக் கையை வரைந்த கை மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

மும்மூர்த்திகள் ஒரே பெட்டியில் வந்தவர்கள்

தமிழ்ப் படக்கதை வாசகர்கள் மாயாவி, லாரன்ஸ்–டேவிட் இணை, ஜானி நீரோ ஆகியோரை மும்மூர்த்திகள் என்று அழைப்பார்கள். பிரிட்டனில் வெளிவந்த நூற்றுக்கணக்கான தொடர்களில் இவர்கள் மட்டும் ஏன் ஒன்றாகத் தமிழுக்கு வந்தார்கள் என்பதற்குப் பதிப்பு வரலாற்றில் விடை இருக்கிறது.

ஃப்ளீட்வே 1967-இல் 'சூப்பர் லைப்ரரி' என்ற பெயரில் கையடக்க நூல் வரிசைகளை வெளியிட்டது. வாரம் இரண்டு பக்கமாக இழுக்காமல், ஒரு நூலில் ஒரு முழுக் கதை. பக்கத்துக்குச் சில கட்டங்களே. அதன் ஒரு வரிசையில் ஸ்டீல் க்ளாவும் ஸ்பைடரும் வந்தார்கள். உளவாளிகளுக்கான இன்னொரு வரிசையில் ஜானி நீரோவும், தமிழில் லாரன்ஸ்–டேவிட் ஆன 'பாரகூடா' குழுவும் வந்தார்கள். லண்டனில் இந்த வரிசைகள் நெடுநாள் நீடிக்கவில்லை. ஆனால் தமிழில் மாதம் ஒரு முழுக் கதை தர விரும்பிய பதிப்பாளருக்கு இதைவிடப் பொருத்தமான மூலம் அமைந்திருக்க முடியாது. தொடர்கதையை வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. ஒரு நூலை எடுத்தால் ஓர் இதழ் ஆயிற்று. பெரிய கட்டங்கள் என்பதால் தமிழ் எழுத்துக்கும் இடம் இருந்தது.

லண்டனில் வறுபட்டு ஓரமாக வைக்கப்பட்ட பயறு அது. முளைத்தது சிவகாசியில்.

சிவகாசி, 1972

சிவகாசி ஏன்? இதற்கு அரை நூற்றாண்டு பின்னோக்கிப் போக வேண்டும். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தீப்பெட்டி வந்தால் அதன்மேல் ஒட்டும் லேபிள் வேண்டும். லேபிள் அடிக்க அச்சகம் வேண்டும். பட்டாசு வந்தது, அதற்கும் வண்ண லேபிள். பிறகு நாள்காட்டி, நாட்குறிப்பு, வாழ்த்து அட்டை. மழை குறைந்த கரிசல் பூமியில் நாட்டின் பெரிய அச்சு மையங்களில் ஒன்று உருவானது. படம் அச்சிடத் தெரிந்த கைகளும், கழிவில்லாமல் தாள் வெட்டத் தெரிந்த கைகளும், ஊர் ஊராகச் சரக்கு அனுப்பும் விற்பனைத் தொடர்புகளும் அங்கே இருந்தன. தமிழ்ப் படக்கதை சென்னையிலோ மதுரையிலோ வேர் பிடிக்காமல் சிவகாசியில் வேர் பிடித்தது தற்செயல் அல்ல.

அந்த ஊரில்தான் எம். சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். ஆசிரியர் பொறுப்பேற்றவர் சிறுவர் இலக்கியத்தில் அனுபவம் மிக்க முல்லை தங்கராசன். 1972-இல் வந்த முதல் இதழின் தலைப்பு 'இரும்புக்கை மாயாவி'. நாயகன் பெயரே நூலின் பெயர். லண்டனில் வாடகைக்கு இருந்தவனுக்கு இங்கே முதல் நாளிலேயே சொந்த வீடு கிடைத்துவிட்டது.

அதற்கடுத்து 'உறைபனி மர்மம்', 'நாச அலைகள்', 'பாம்புத் தீவு', 'பாதாள நகரம்', 'இயந்திரத் தலை மனிதர்கள்', 'கொள்ளைக்கார மாயாவி', 'நடுநிசிக் கள்வன்', 'யார் அந்த மாயாவி' என்று மாயாவி சாகசங்கள் முத்து காமிக்ஸில் தொடர்ந்தன. இந்தத் தலைப்புகளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் இடமோ ஒரு பயமோ இருக்கிறது. கடையில் தொங்கும் அட்டையைப் பேருந்திலிருந்து பார்க்கும் பையனுக்கு அந்த இரண்டு சொல் போதும்.

லண்டனில் கதைகள் வந்த வரிசை வேறு, தமிழில் வந்த வரிசை வேறு. அங்கே வாசகன் கிராண்டேலைக் கயவனாகச் சந்தித்து, அவன் திருந்துவதைப் பார்த்து, பிறகு நம்பத் தொடங்கினான். இங்கே முன்னதும் பின்னதும் கலந்து வந்தன. உலகைக் காக்கும் மாயாவியை முதலில் நம்பிவிட்டு, அவனே கொள்ளையடிக்கும் கதையைப் பிறகு படித்துத் திகைத்த தமிழ்ப் பையன்கள் நிறையப் பேர். இது குறையன்று. வாசிப்பின் வரிசை மாறினால் பாத்திரத்தின் குணமே மாறும் என்பதற்கு இது நல்ல சான்று. தமிழ் மாயாவி அடிப்படையில் நல்லவன், எப்போதாவது தடம் புரண்டவன். ஆங்கில கிராண்டேல் அடிப்படையில் ஆபத்தானவன், பிறகு அடங்கியவன். ஒரே கோடுகளிலிருந்து இரண்டு மனிதர்கள்.

பெயர் வைத்தவர்களின் கை

'ஸ்டீல் க்ளா' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் எஃகு நகம் என்று வரும். எஃகுப் பிடி என்றும் வைக்கலாம். இரண்டும் மனத்தில் நிற்காது. தமிழில் பெயர் வைத்தவர்கள் மூன்று முடிவுகள் எடுத்தார்கள். எஃகை விட்டு இரும்பை எடுத்தார்கள். எஃகு பாடநூலில் இருக்கும் சொல், இரும்பு வாசற்படியில் இருக்கும் சொல். நகத்தை விட்டுக் கையை எடுத்தார்கள். மூன்றாவதுதான் பெரிய முடிவு. மூலத்தில் இல்லாத மாயாவியைச் சேர்த்தார்கள்.

மாயாவி என்ற சொல் நமக்குப் புதிதல்ல. வாலியோடு குகைக்குள் போரிட்ட அசுரனின் பெயர் அது. தோன்றவும் மறையவும் உருமாறவும் வல்லவன் என்ற பொருளில் புராணப் படங்களும் மந்திரக் கதைகளும் அதைப் பழக்கியிருந்தன. ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஓர் அறிவியல் பாத்திரத்துக்கு இராமாயணக் காலத்துச் சொல்லைச் சூட்டியதால், இரும்பும் மாயமும் ஒரே பெயரில் அமர்ந்தன. இந்தப் பெயர் ஒரு மொழிபெயர்ப்பு என்பதே இன்று பலருக்குத் தோன்றுவதில்லை.

பெயருக்குப் பிறகு வசனம். படக்கதை மொழிபெயர்ப்பில் ஒரு கடினமான நிபந்தனை உண்டு. பேச்சு பலூனின் அளவு மாறாது. ஆங்கிலத்தில் நான்கு சிறு சொற்களில் முடிவதைத் தமிழில் இரண்டு நெடுஞ்சொற்களில் சொல்ல வேண்டும், அந்த இரண்டும் சின்ன பலூனில் உடைந்து இரண்டு மூன்று வரிகளில் உட்கார வேண்டும். வினைமுற்று கடைசியில் வரும் மொழி நம்முடையது. 'சுடு' என்பது வரியின் முடிவில்தான் வரும். அதற்குள் படத்தில் துப்பாக்கி வெடித்திருக்கும். இந்த நெருக்கடியில்தான் தமிழ்ப் படக்கதைக்கென ஒரு நடை பிறந்தது. சுருக்கமான, பாதியில் நிற்கும் வாக்கியங்கள். ஒரு வியப்புக்குறி. 'ஆ!' என்ற ஒற்றை எழுத்து. 'டுமீல்' என்ற சத்தம். மொழிபெயர்த்தவர்களின் பெயர் பெரும்பாலும் அச்சாகவில்லை. ஆனால் தமிழில் விரைந்து வாசிக்கும் பழக்கத்தைப் பல ஆயிரம் பிள்ளைகளுக்கு ஊட்டியவர்கள் அவர்கள்.

எங்கள் தெருவில் ஒரு படக்கதை பத்துப் பேரைச் சுற்றிவரும். அட்டை கிழிந்தால் பழைய நாள்காட்டி அட்டையை ஒட்டி, சாக்குத் தைக்கும் நூலால் கட்டி, மறுபடி சுற்றுக்கு விடுவோம். முதல் நான்கு பக்கம் போனாலும் கவலையில்லை. அந்த நான்கு பக்கத்தில் என்ன நடந்திருக்கும் என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொல்வோம். விற்ற படிகளைக் கொண்டு மட்டும் மாயாவியின் வாசகர் தொகையைக் கணக்கிட முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

1984-உம் மூன்று மாயாவிகளும்

தமிழ்ப் படக்கதை வரலாற்றில் 1984 ஜூலை ஒரு திருப்புமுனை. சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் பதினேழு வயதில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் மாடஸ்டி பிளைஸி தோன்றும் 'கத்தி முனையில் மாடஸ்டி'. அதே காலத்தில் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் வந்தது. அதன் முதல் இதழ் ஜேம்ஸ் பாண்ட் தோன்றும் 'அழகியைத் தேடி'.

லயன் காமிக்ஸை நிலைநிறுத்தியவன் ஸ்பைடர். மாயாவியோடு ஒரே ஃப்ளீட்வே வரிசையில் வந்தவன்தான் இவனும். 1965-இல் 'லயன்' வார இதழில் டெட் கோவன் எழுத, ரெக் பன் வரையத் தொடங்கிய தொடர் அது. பிறகு அதை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். அமெரிக்காவின் முதல் சூப்பர் ஹீரோவைப் படைத்தவரின் கற்பனை லண்டன் வழியாகச் சிவகாசிக்கு வந்து, 'குற்றச் சக்கரவர்த்தி' என்ற பட்டத்தோடு தமிழ்ப் பிள்ளைகளின் கைக்குப் போனது. 1952-இல் 'லயன்' இதழில் தோன்றிய எந்திர மனிதன் ஆர்ச்சியும் அப்படியே வந்தான். திகில், மினி லயன், ஜூனியர் லயன் என்று அதே ஊரிலிருந்து துணை இதழ்களும் கிளைத்தன.

இங்கே ஆய்வாளர் கவனமாக இருக்க வேண்டிய ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவின் லீ ஃபாக் உருவாக்கிய 'தி ஃபேண்டம்' 17 பிப்ரவரி 1936-இல் நாளிதழ்த் தொடராகத் தொடங்கி இன்றும் நீடிக்கும் நாயகன். இந்தியாவில் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964 மார்ச்சில் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸின் முதல் இதழே அவன் கதைதான். அவனுக்குத் தமிழில் ஒரு பெயர் நிலைக்கவில்லை. முத்து காமிக்ஸில் அவன் வேதாளர். ராணி காமிக்ஸில் அவன் மாயாவி. ஆக, ராணி வாசகருக்கு மாயாவி என்றால் காட்டில் மண்டையோட்டுக் குகையில் வாழும் முகமூடி மனிதன். முத்து வாசகருக்கு மாயாவி என்றால் இரும்புக் கை. மலையாளத்தில் 'பாலரமா' படித்த பிள்ளைகளுக்கு மாயாவி என்றால் குட்டிச்சாத்தான். பழைய புத்தகக் கடையில் மாயாவி புத்தகம் இருக்கிறது என்று சொன்னால், எந்த மாயாவி என்று கேட்டுவிட்டுத்தான் பையில் கை விட வேண்டும். ஒரு சொல்லின் வெற்றி அதன் பட்டியலைக் குழப்பிவிட்டது.

மறுபதிப்பு என்னும் மறுபிறவி

புதிய கதைகள் நின்றுபோன நாயகனுக்கு மறுபதிப்புதான் உயிர். முத்து காமிக்ஸின் பழைய கதைகள் காமிக்ஸ் கிளாசிக்ஸ் என்ற தனி வரிசையில் திரும்ப வந்தன. தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு வந்தபின் சிறுவர் இதழ்களின் காலம் சுருங்கியது. லயன், முத்து இதழ்களின் வருகை ஒழுங்கு தவறிய ஆண்டுகளும் உண்டு. 2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியின்போது 'கம்பேக் ஸ்பெஷல்' என்ற இதழோடு அவை மறுபடி எழுந்தன. பெரிய அளவு, வழவழப்பான தாள், முழு வண்ணம், சந்தா கட்டிப் பெறும் முறை என்று எல்லாம் மாறின. ஐரோப்பியப் படக்கதை நாயகர்களான டெக்ஸ் வில்லரும் லக்கி லூக்கும் கேப்டன் டைகரும் முன்வரிசைக்கு வந்தார்கள். ஆனாலும் வாசகர் கேட்டதால் மும்மூர்த்திகளின் பழைய கதைகளும் அடுத்த ஆண்டுகளில் புதிய தாளில் மீண்டும் அச்சேறின. 2022-இல் முத்து காமிக்ஸ் ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடியது. பிரிட்டனில் 'வேலியண்ட்' வாழ்ந்தது பதினான்கு ஆண்டுகள்.

மாயாவி வேறு நாடுகளுக்கும் போனவன்தான். பிளாஸ்கோவின் தாயகமான ஸ்பெயினில் 1960-களிலேயே வெர்திசே பதிப்பகம் அவனை வெளியிட்டது. அமெரிக்காவில் 1986-87-இல் வண்ணம் தீட்டி நான்கு இதழ்கள் வந்தன. பிரிட்டனில் அவனை மறுபடி நினைக்க 2005 ஆயிற்று. அந்த ஆண்டு டைட்டன் நிறுவனம் பழைய கதைகளை நூலாக்கியது. அதே ஆண்டில் ஆலன் மூர் கதைக்கரு அமைக்க, அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதிய 'ஆல்பியன்' வந்தது. மறக்கப்பட்ட பிரிட்டிஷ் படக்கதை நாயகர்களை அரசாங்கம் ஒரு கோட்டையில் அடைத்துவைத்திருக்கிறது என்பது அதன் கரு. பிரிட்டனில் அவர்கள் சிறையில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்டபோது, அதே நாயகர்களின் தமிழ்ப் பிரதிகளைத் தேடி நம் வாசகர்கள் பழைய புத்தகக் கடைகளில் அலைந்துகொண்டிருந்தார்கள். 2018-இல் ரெபெல்லியன் நிறுவனம் பழைய ஃப்ளீட்வே கதைகளின் உரிமையை வாங்கி, 2021-இல் ஸ்டீல் க்ளாவை முதல் கதையிலிருந்து நூலாக வெளியிடத் தொடங்கியது. தாய்நாடு நெடுங்காலம் செய்யாததை இங்கே ஒரு சிறு நகரத்து அச்சகம் பல ஆண்டுகளாகச் செய்துவந்திருக்கிறது.

யார் காத்தார்கள்?

இந்த வரலாற்றை எழுதுவதில் ஒரு பெரிய தடை உண்டு. 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டம், பதிப்பாளர்கள் தம் வெளியீட்டின் ஒரு படியைக் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும் என்கிறது. 1956-இல் பருவ இதழ்களும் அந்தச் சட்டத்துக்குள் வந்தன. ஆனால் படக்கதையை நூலாகவோ இதழாகவோ மதித்துச் சேர்க்கும் மனம் நம் சமூகத்தில் வளரவில்லை. பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பள்ளியில் பறித்தார்கள். வீட்டில் பழைய தாளோடு எடைக்குப் போட்டார்கள். பொரிகடலைப் பொட்டலமாகத் திரும்பி வந்த மாயாவிப் பக்கத்தை நானே பார்த்திருக்கிறேன்.

காத்தவர்கள் வாசகர்கள். ஆசிரியர்கள், பேருந்து நடத்துநர்கள், வங்கி ஊழியர்கள், கடைக்காரர்கள் என்று பலதரப்பட்டவர்கள். ஊர் ஊராகப் பழைய புத்தகக் கடை ஏறி, இதழ் எண்ணும் தலைப்பும் எழுதிய கையடக்கப் பட்டியலை வைத்துக்கொண்டு, விட்டுப்போன எண்ணைத் தேடினார்கள். ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவை ஒட்டி நடக்கும் வாசகர் சந்திப்பில் நரைத்த தலைகள் சிறுவர்களாகிப் பேசுவதைக் காணலாம். மறுபதிப்பு வர வேண்டிய கதைகள் எவை என்று பதிப்பாளருக்கு எடுத்துச் சொல்பவர்களும் இவர்களே.

இது போற்றத்தக்கது. ஆனால் போதாது. தனியார் பெட்டிக்குள் இருக்கும் தொகுப்பு உடையவரோடு போய்விடும். கறையான் ஒரு மழைக்காலத்தில் முப்பது ஆண்டு உழைப்பைத் தின்றுவிடும். மாயாவியின் தமிழ்ப் பதிப்புகளுக்கு முறையான விவரப்பட்டியல் ஒன்று வேண்டும். எந்த இதழ் எந்த ஆண்டு வந்தது, விலை என்ன, எத்தனை பக்கம், மூலக் கதை எது, அட்டையை வரைந்தவர் யார், மொழிபெயர்த்தவர் யார், எப்போது மறுபதிப்பானது என்ற ஏழு விவரங்கள் ஒவ்வொரு இதழுக்கும் எழுதப்பட வேண்டும். பல்மருக்கும் பிளாஸ்கோவுக்கும் காலம் கடந்தாவது பெயர் கிடைத்துவிட்டது. தமிழில் அவர்களுக்குக் குரல் கொடுத்தவர்களுக்கும், தாளில் ஏற்றிய அச்சுத் தொழிலாளர்களுக்கும் அந்த மரியாதை இன்னும் மிச்சமிருக்கிறது. அந்தத் தலைமுறையினர் பலர் முதுமையில் இருக்கிறார்கள். கேட்டு எழுத வேண்டிய நேரம் இதுதான்.

பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் மொழிபெயர்ப்பு வரலாறு எழுதும்போது ரஷ்ய நாவலுக்கும் வங்க நாவலுக்கும் இடம் தருகின்றன. பெட்டிக்கடையில் தொங்கிய மொழிபெயர்ப்புக்கும் ஓர் இயல் ஒதுக்கட்டும். சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனங்கள் படக்கதைக்கெனத் தனித் தொகுதி அமைக்க முன்வந்தால், தங்கள் சேகரத்தைப் படியெடுக்கக் கொடுக்க மனமுள்ள வாசகர்கள் கிடைப்பார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பரணில் பழைய பெட்டி இருந்தால் இந்த வாரமே இறக்கிப் பாருங்கள். அட்டை கிழிந்த முத்து காமிக்ஸ் ஒன்று கிடைத்தால் எடைக்குப் போடாதீர்கள். கிடைக்கும் பக்கங்களைப் படமெடுங்கள், இதழ் எண்ணையும் விலையையும் ஒரு தாளில் குறித்து உள்ளே வையுங்கள், வாங்கிய ஊரையும் எழுதுங்கள். பிறகு அதை ஒரு பொது நூலகத்தில் சேர்க்க வழி தேடுங்கள். வறுத்த பயறு ஒரு முறை முளைத்ததைப் பார்த்துவிட்டோம். இனி அதைக் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.